அட்டையும் நிரலும் யாருடையவை?

சென்ற மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து நின்றார். "கணினியைத்தான் முழுப் பணமும் கொடுத்து வாங்கிவிட்டோமே, ஐயா; பிறகு வருஷா வருஷம் மென்பொருள் கட்டணம் என்று ஒரு தொகை எழுதியிருக்கிறீர்களே, அது எதற்கு?" என்று கேட்டார். சிலர் நகைத்தனர். காரியதரிசி ஏதோ விடை பகர்ந்தார். அவ்விடை கேட்டவருக்கு விளங்கவில்லை. சொன்னவருக்கும் முற்றும் விளங்கியிருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. நேரமாகிவிட்டபடியால் அறிக்கை ஏகமனதாக நிறைவேறியது.

அக்கேள்வி நகைப்புக்குரியதன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கணினியை முதன்முதலில் விலைக்கோ வாடகைக்கோ எடுத்த பெரிய ஸ்தாபனங்கள் யாவும் இதே கேள்வியைத்தான் தமக்குள் கேட்டுக்கொண்டன. அவை கண்ட விடை, கூட்டுறவாளராகிய நமக்குப் புதியதன்று. ஆயினும் அவ்விடை பின்னர் மறைக்கப்பட்டது என்று சொல்லும் அளவுக்கு மறக்கப்பட்டுவிட்டது. ஆதலின் அவ்வரலாற்றைச் சிறிது விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தறியிலிருந்தே தொடங்குவோம். ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியில் நெய்பவர்களுக்கு, கணினி நிரல் என்பது யாது என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை. துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் பெட்டியில் சுழல்கின்றன. துளை உள்ள இடத்தில் கொக்கி எழுந்து பாவு நூலைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் நூல் கிடந்தபடியே கிடக்கிறது. ஒரு அட்டைக்கு ஒரு ஊடு. அன்னம் வேண்டுமா, மாங்காய் வேண்டுமா என்பது தறிக்குத் தெரியாது; அட்டைக்குத்தான் தெரியும். அட்டைக் கட்டை மாற்றினால் அதே தறியில் வேறு புடவை இறங்குகிறது. தறி ஒரு பொருள், அட்டைக் கட்டு வேறொரு பொருள். கணினி ஒரு பொருள், நிரல் வேறொரு பொருள். இவ்வளவே சூட்சுமம்.

இப்பெட்டிக்குத் தம் பெயரைத் தந்த ஜோசப் மரி ஜக்கார்டு, பிரான்சு தேசத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற லியோன் நகரத்தவர். 1752-இல் பிறந்து 1834-இல் மறைந்தவர். துளையிட்ட தாளால் தறியை நடத்தும் யோசனை முற்றிலும் அவருடையதன்று. 1725-இல் பூஷோன் என்பவர் துளைத்தாள் சுருளையும், சில ஆண்டுகளுக்குள் ஃபால்கோன் என்பவர் கோத்த அட்டைகளையும் கையாண்டனர். பின்னர் வோகான்சோன் அதைத் தானியங்கித் தறியாக்க முயன்றார். இம்மூவரின் வேலையையும் ஒன்றுசேர்த்து, அன்றாட நெசவுக்கு உதவும் கருவியாக 1804-ஐ ஒட்டி ஜக்கார்டு செய்து முடித்தார். அதற்கு முன்பு தறிக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவன், பெரும்பாலும் சிறுவன், கயிறுகளை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய பட்டுத் தறிகளிலும் இவ்வாறு துணையாள் இருந்ததைப் பெரியவர்கள் அறிவர்.

அடுத்து நடந்ததைக் கூட்டுறவாளர் கவனிக்க வேண்டும். 1806-இல் அத்தறி பிரான்சில் பொதுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டது. கண்டவரைக் கைவிட்டுவிடவுமில்லை, ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், நிறுவப்படும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு சிறு தொகையும் கிடைத்தன. 1812-க்குள் பிரான்சில் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. லியோன் நெசவாளர்கள் தொடக்கத்தில் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள், யந்திரங்களைக் கொளுத்தவும் செய்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. இழந்தது தம் பிழைப்பு என்று அஞ்சியவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். நாம் குறிக்க விரும்புவது ஒன்றுதான். உழைத்தவருக்கு ஊதியம், செய்முறை ஊருக்குப் பொது என்ற ஏற்பாடு, நிரலின் பாட்டனாராகிய இந்த அட்டையின் பிறப்பிலேயே இருந்தது.

அட்டை பின்னர்த் தறியை விட்டு வெளியேறியது. 1839-இல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பட்டில் நெய்யப்பட்டது; அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. செதுக்குச் சித்திரம் என்று பார்த்தவர்கள் எண்ணும்படி அது அமைந்திருந்தது. அப்படத்தின் பிரதி ஒன்றை இலண்டனில் தம் வீட்டில் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட பெரிய கணக்கு யந்திரத்தை இத்தகைய அட்டைகளாலேயே நடத்த எண்ணினார். அந்த யந்திரத்தைக் குறித்து இத்தாலிய அறிஞர் மெனாப்ரேயா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்த அடா லவ்லேஸ் அம்மையார், 1843-இல் தம் குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். குறிப்புகள் கட்டுரையைவிட நீண்டவை. பெர்னூலி எண்கள் என்னும் கணித வரிசையை யந்திரம் எந்தப் படிகளில் கணக்கிட வேண்டும் என்பதை அவர் அட்டவணையாகவே எழுதினார். அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு பாபேஜுடையது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். யந்திரமோ கட்டப்படவே இல்லை. தறி இல்லாத ஊரில் அட்டை குத்திய கதைதான். ஆயினும் அட்டை அட்டையே.

நூறு ஆண்டுகள் கழித்துத் தறியும் வந்தது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் கட்டப்பட்ட எனியாக் என்னும் மின்னணுக் கணினி, 1946 பிப்ரவரியில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிடத் தேர்ந்த ஒருவருக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனியாக் அதை அரை நிமிஷத்தில் செய்தது. பத்திரிகைகள் வியந்து எழுதின. புகைப்படங்கள் வெளிவந்தன. அப்படங்களில் யந்திரத்தின் அருகே சில இளம்பெண்கள் நிற்பார்கள்.

அவர்கள் அழகுக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்று பல ஆண்டுகள் கழித்தும் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில், அந்த யந்திரத்துக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தாம். கே மக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பைலாஸ், ரூத் லிக்டர்மன் ஆகிய அறுவர். அக்காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்பது யந்திரத்தின் பெயரன்று. கையால் கணக்குப் போடும் உத்தியோகத்தின் பெயர். அவ்வுத்தியோகத்திலிருந்தே இவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கற்றுக்கொள்ள நூல் இல்லை, மொழி இல்லை. யந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்து, எந்தக் கம்பியை எங்கே செருக வேண்டும், எந்தத் திருகை எங்கே திருப்ப வேண்டும் என்று தாமே கண்டறிந்தார்கள். காட்சி நாளன்று எனியாக் கணக்கிட்டுக் காட்டிய கணக்கை அமைத்தவர்களும் இவர்களே. காட்சி முடிந்து நடந்த விருந்துக்கு இவர்களை அழைக்கவில்லை. 1997-இல்தான் இவர்களுக்கு உரிய பெருமை பொதுவெளியில் அளிக்கப்பட்டது. அதற்குள் அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது.

இதை நாம் ஏன் நீட்டிச் சொல்கிறோம்? யந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. எடை உண்டு, விலை உண்டு. நிரல் எழுதும் உழைப்போ கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் அதை உழைப்பென்றே எண்ணாமல் விட்டார்கள். பாவு தோய்ப்பதும், அச்சுப் பிணைப்பதும், பாவு நீட்டுவதும் வீட்டுப் பெண்கள் செய்யும் வேலையாதலால் கூலிக் கணக்கில் ஏறாமல் போன காலம் நமக்குத் தெரியாததா? இன்றும் முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆகவே மென்பொருளுக்குக் காசு எதற்கு என்று கேட்ட பெரியவருக்கு நம் முதல் விடை: அது உழைப்பு, அதற்குக் கூலி நியாயமே. ஆனால் இது பாதி விடைதான்.

மறுபாதியை அறிய இங்கிலாந்துக்குப் போக வேண்டும். நிரலைக் கம்பிகளால் அமைக்காமல் யந்திரத்தின் நினைவகத்திலேயே எழுதிவைக்கும் முறை, 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் முதன்முதலாக ஓடிக் காட்டியது. டாம் கில்பர்ன் எழுதிய அந்த நிரலில் இருந்தவை 17 கட்டளைகள். விடை காண 52 நிமிஷங்கள் பிடித்தது. மறு ஆண்டு மே மாதம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எட்சாக் என்னும் கணினி வேலை தொடங்கியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், தம் ஆயுளின் பெரும்பகுதி தாமே எழுதிய நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப் போகிறது என்பதை அப்போதே உணர்ந்துவிட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அட்டை குத்துபவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

பிழையைக் குறைக்க கேம்பிரிட்ஜ் அன்பர்கள் கண்ட வழி எளிது. ஒருவர் சரிபார்த்து எழுதிய துண்டு நிரலை இன்னொருவர் மறுபடி எழுத வேண்டாம். வர்க்கமூலம் காண்பது போன்ற சிறு வேலைகளுக்குரிய துண்டு நிரல்களைக் காகித நாடாக்களில் துளையிட்டு அலமாரியில் அடுக்கி வைத்தனர். வேண்டியவர் எடுத்துப் பிரதி செய்துகொண்டு, தம் நிரலோடு இணைத்துக்கொள்ளலாம். 1951-இல் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் இம்முறையை நூலாகவே எழுதி வெளியிட்டபோது எண்பதுக்கு மேற்பட்ட துண்டு நிரல்கள் சேர்ந்திருந்தன. அச்சிட்ட நூலில் அவற்றில் பலவற்றை முழுமையாகவே கொடுத்தார்கள். கடல் கடந்த நாடுகளிலும் பலர் அந்நூலைக் கொண்டே நிரலெழுதக் கற்றார்கள்.

அந்த எட்சாக்கைப் பார்த்துத் தனக்கொரு கணினி கட்டிக்கொண்டது எது தெரியுமா? ஒரு தேநீர்க் கடை ஸ்தாபனம்! லயன்ஸ் கம்பெனிக்கு இங்கிலாந்தில் இருநூறுக்கு மேற்பட்ட தேநீர்க் கடைகள் இருந்தன. கேக்கு, ரொட்டி, தேயிலை வியாபாரம். பண்டம் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் லாபம் சிறு காசு; அதற்கு எழுதும் கணக்கோ மலை. 1947-இல் அதன் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்று எனியாக் வேலையில் ஈடுபட்டவர்களைக் கண்டனர். உங்கள் ஊர்க் கேம்பிரிட்ஜிலேயே ஒரு கணினி கட்டுகிறார்கள் என்று அங்கே சொல்லியனுப்பினார்கள். திரும்பி வந்து கேம்பிரிட்ஜ் வேலைக்கு லயன்ஸ் 3,000 பவுன் கொடுத்து, உதவிக்கு ஆளும் அனுப்பியது. பதிலாகக் கேம்பிரிட்ஜ் தன் வடிவமைப்பை மனமுவந்து தந்தது. இவ்வாறு லியோ என்னும் கணினி எழுந்தது. 1951 நவம்பரில் அது ரொட்டிக்கிடங்கு உற்பத்தியின் மதிப்புக் கணக்கைப் போடத் தொடங்கியது. வியாபார ஸ்தாபனமொன்றின் அன்றாடக் கணக்கைக் கணினி போட்டது உலகில் அதுவே முதல் தடவை எனலாம்.

நமக்கு இதில் உவப்பானது யந்திரமன்று, நிரலெழுதிய முறை. டேவிட் காமினர் என்பவர் அப்பணியின் தலைவர். அவர் கணித அறிஞர் அல்லர். 1936-இல் கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்து, அலுவலக வேலையின் மூலை முடுக்குகளை அறிந்தவர். முதலில் வேலையைப் பார், பின்பு படமாக வரை, அதன் பின்னரே நிரல் எழுது என்பது அவர் வகுத்த ஒழுங்கு. ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். சம்பளக் கணக்கை எடுத்துக்கொண்டபோது, தேர்ந்த குமாஸ்தாவுக்கு ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிஷம் ஆனதை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது. ஆயினும் எடுத்தவுடன் யந்திரத்தை நம்பிச் சம்பளம் போட்டுவிடவில்லை. கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டு, நம்பிக்கை ஏற்பட்ட பின்னரே முழுப் பொறுப்பையும் அதனிடம் விட்டார்கள்.

தேநீர்க் கடைகளுக்குச் சரக்கனுப்பும் வேலையும் அவ்வாறே. ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு நிலையான பட்டியல் உண்டு. கடைப் பொறுப்பாளர் அம்மையார் பிற்பகலில் தொலைபேசியில், 'நாளை இது கூடுதலாக வேண்டும், அது குறைவாகப் போதும்' என்று மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். அதை அங்கே உடனே அட்டையில் குத்திக்கொள்வார்கள். இரவுக்குள் எந்தக் கடைக்கு எவ்வளவு என்ற கணக்கு வெளிவந்துவிடும். முழுப் பட்டியலையும் தினமும் எழுத வேண்டியதில்லை என்ற இந்த எளிய யோசனை எந்த யந்திரத்தினுள்ளும் பிறந்ததன்று. கடையின் நடைமுறை அறிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்ததால் பிறந்தது. நம் சங்கங்களுக்கு நிரல் விற்க வருவோர், பாவு வழங்கும் பதிவேட்டைக் கூடப் புரட்டிப் பாராமல் பட்டணத்தில் எழுதி முடித்த ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும்போது நமக்கு லியோவின் நினைவு வருகிறது.

இனிக் கூட்டுறவின் கதைக்கு வருவோம். ஐபிஎம் கம்பெனி 1950-களின் தொடக்கத்தில் 701 என்னும் கணினியை அமெரிக்காவில் வாடகைக்கு விட்டது. செய்யப்பட்டவை 19 மட்டுமே. அவற்றுள் பல, தெற்குக் கலிஃபோர்னியாவின் ஆகாய விமானக் கம்பெனிகளுக்குப் போயின. யந்திரம் வெறும் யந்திரமாகவே வந்தது. அதற்கு வேண்டிய நிரல்களை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே எழுதிக்கொண்டது. ஒரே தெருவில் பத்து வீட்டார் ஒரே மாங்காய்க் கரைக்குப் பத்துத் தடவை அட்டை குத்திய கதை. அந்த உழைப்பு முடிந்து மூச்சு விடுமுன், 704 என்னும் புதிய யந்திரம் வந்தது. பழைய நிரல்கள் அதில் ஓடமாட்டா. மறுபடி முதலிலிருந்து எழுதவேண்டும்!

அப்போதுதான் அவர்களுக்கு அறிவு வந்தது என்று சொன்னால் தவறில்லை. வியாபாரத்தில் ஒருவரையொருவர் வெல்லத் துடித்த கம்பெனிகளின் நிரலாளர்கள், 1955 ஆகஸ்டில் கூடி, 704 வைத்திருப்போரின் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஷேர்'. நம் சங்கங்களில் ஷேர் தொகை என்கிறோமே, அதே சொல். பங்கு என்ற தமிழ்ச் சொல்லைப் போலவே ஆங்கிலத்திலும் அதற்குப் பங்குத்தொகை, பகிர்ந்துகொள்ளுதல் என்னும் இரு பொருளும் உண்டு. அங்கத்தினர்கள் ஒரே குறியீட்டு முறையைப் பின்பற்ற உடன்பட்டனர். யார் எந்த நிரலை எழுதுவது என்று வேலையைப் பங்கிட்டனர். எழுதி முடித்ததை எல்லோருக்கும் அனுப்பினர். முதலாண்டு முடிவில் அங்கத்தினர் 62 ஸ்தாபனங்கள். நூலகத்தில் சுமார் 300 நிரல்கள்.

நாம் இதைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம். அவர்கள் தருமசிந்தையால் கூடியவர்கள் அல்லர். செலவு கட்டுப்படியாகவில்லை, தேர்ந்த ஆள் கிடைக்கவில்லை. ஆதலால் கூடினார்கள். ரோச்டேல் நகரத்து நெசவாளர்கள் 1844-இல் கூடிக் கடை வைத்ததும் கலப்பட மாவும் கொள்ளை விலையும் தாளாமல்தானே! தேவையால் பிறந்த கூட்டே நிலைக்கிறது. குறைகளும் இருந்தன. நூலகத்து நிரல்களின் தரம் ஒரே சீராக இல்லை. சிலவற்றுக்கு விளக்கக் குறிப்பே சரியாக இராது. எழுதித் தருவோர் சிலர், எடுத்துக்கொள்வோர் பலர் என்ற பழைய வியாதியும் இருந்தது. எந்தச் சங்கத்தில்தான் அது இல்லை? ஷேர் சங்கமோ இன்றளவும் நடந்துவருகிறது.

யந்திரம் விற்ற கம்பெனிகளும் அக்காலத்தில் இந்தப் பகிர்வைத் தடுக்கவில்லை. கிரேஸ் ஹாப்பர் அம்மையாரும் அவர் குழுவினரும் ரெமிங்டன் ராண்ட் கம்பெனியில் செய்த ஏ-2 என்னும் நிரல், 1953-இல் வாடிக்கைக்காரர்களுக்கு மூலத்தோடு வழங்கப்பட்டது. திருத்தினால் திருத்தத்தை எமக்கும் அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொள்ளப்பட்டது. ஜான் பாக்கஸ் தலைமையில் ஐபிஎம் ஆக்கிய ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் 704 யந்திரத்தோடு தனி விலையின்றியே வந்தது. யந்திர எண்களில் எழுதிவந்த ஒன்றைக் கணித வாய்பாடு போல எழுதலாம் என்றாகிவிட்டது. 1959-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் பல கம்பெனியாரும் கூடி வகுத்த கோபால் மொழி, ஒரு கம்பெனியின் யந்திரத்துக்கு எழுதியது இன்னொரு கம்பெனியின் யந்திரத்திலும் ஓடவேண்டும் என்ற நோக்கமுடையது. 1960 டிசம்பரில் இரு வேறு கம்பெனிகளின் யந்திரங்களில் ஒரே நிரலை ஓட்டி அதை மெய்ப்பித்தார்கள். வியாபாரக் கணக்குக்கென்றே பிறந்த அம்மொழி பாங்குகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிறகு காற்று மாறியது. யந்திரங்கள் மலிந்தன, நிரல்கள் பெருத்தன. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய அறிஞர்கள், எழுத எடுத்த நிரல்கள் காலத்தில் முடியாமலும் செலவு கட்டுக்கு மீறியும் போவதைக் கண்டு 'மென்பொருள் நெருக்கடி' என்றே பேசினார்கள். ஐபிஎம் கம்பெனியின் 360 யந்திரங்களுக்கான பெரும் நிரலை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான வேலைக்கு மேலும் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் தம் நூலில் எழுதினார். பாதி நெய்த புடவையில் புதிய கையை உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யந்திரத்தோடு நிரலையும் சேர்த்தே தருவதால் பிறர் தொழில் செய்ய இடமில்லை என்ற குற்றச்சாட்டும் ஐபிஎம் மீது எழுந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க அரசு அக்கம்பெனி மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு ஜூன் 23 அன்று, இனி நிரல்களில் பலவற்றுக்கும் சேவைகளுக்கும் தனி விலை என்று ஐபிஎம் அறிவித்தது. 1970 முதல் மென்பொருள் தனிச் சரக்காயிற்று. பெரியவர் கேட்ட கேள்வியின் சரித்திர விடை இதுதான். அவருடைய சந்தேகத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல் ஆகிறது.

தனி விலை வைத்ததை நாம் குறை சொல்லவில்லை. அதனால் சிறு ஸ்தாபனங்கள் அநேகம் பிழைத்தன; நிரலாளரின் உழைப்புக்குப் பெயரும் விலையும் ஏற்பட்டன. நாம் குறை சொல்வது வேறொன்றை. விலை வந்தபோது கூடவே பூட்டும் வந்தது. நிரலின் மூலத்தைக் காட்டுவதில்லை, திருத்த விடுவதில்லை, பிறருக்குத் தர விடுவதில்லை என்ற வழக்கம் மெல்ல மெல்ல நிலைபெற்றது. அதைப் பொறாமல் 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலாளர், யாவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். புதுமை என்று பலர் அதைப் புகழ்ந்தனர். சிலர் பைத்தியக்காரத்தனம் என்றனர். 1955-ஐ அறிந்தவர்களுக்கு அது புதுமையுமன்று, பைத்தியமுமன்று.

இந்தக் கதை நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஒரு பொது மென்பொருளின்கீழ்க் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நம் அங்கத்தினரில் பயிரிடுவோர் பலர் இத்தகைய சங்கங்களில் கணக்கு வைத்திருப்பவர்களே. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே அட்டை குத்தாமல் பொதுவாக ஒன்று வைத்துக்கொள்வது ஷேர் சங்கத்தின் வழியே, அதை வரவேற்கிறோம். ஆனால் மேலிருந்து வரும் பொது வேறு, அங்கத்தினர் கூடி ஆக்கும் பொது வேறு. அதில் பிழை கண்டால் கீழிருப்பவர் எவரிடம் சொல்வது, திருத்தம் எத்தனை நாளில் வரும் என்பவற்றைச் சங்கங்கள் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.

நெசவாளர் சங்கங்கள் சில தாமே நிரல் வாங்குகின்றன. நமக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் கதையைப் பெயர் சொல்லாமல் கூறுகிறோம். கூலி விகிதம் உயர்ந்தது. நிரலில் பழைய விகிதம் அசையவில்லை. விற்றவர் தொழிலை மூடிவிட்டுப் போய்விட்டார். ஆறு வருஷக் கணக்கு உள்ளே. சாவி எவரிடமும் இல்லை. குமாஸ்தா எட்டு மாதம் கையால் ஒரு கணக்கும், தணிக்கைக்காகக் கணினியில் ஒரு கணக்குமாக எழுதிக்கொண்டிருந்தார். தீபாவளிப் போனஸ் பட்டியல் தவறாக வந்து, நாற்பது வருஷம் நெய்த கைகளுக்குச் சேர வேண்டியது மார்கழியில் சேர்ந்தது. யார் மீது குற்றம் என்று கூட்டத்தில் வெகுநேரம் பேசினார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அது ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். கையெழுத்திட்டவர்கள் எவரும் படித்திருக்கவில்லை.

அதே சங்கத்தில், கரை வரைபவருக்கும் அட்டை குத்துபவருக்கும் கூலி கொடுத்த பின், அட்டைக் கட்டு சங்கத்தின் பீரோவுக்குள் வந்துவிடும். ஓர் அட்டை கிழிந்தால் வேறொருவரிடம் குத்திக்கொள்வார்கள். மாங்காயைச் சற்றுப் பெரிதாக்க வேண்டுமானால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கட்டத்தாளில் வரைந்த படமும் சங்கத்திடமே இருக்கும். அட்டை விஷயத்தில் இவ்வளவு விவரமாக இருப்பவர்கள், நிரல் விஷயத்தில் ஏன் கண்ணைக் கட்டிக்கொண்டு கையெழுத்திட வேண்டும்?

நிரலாளருக்குக் கொடுக்க வேண்டியதைக் குறையாமல் கொடுப்போம். ஆனால் கணக்கு விவரங்கள் யாவும் கேட்டபோது, எவரும் படிக்கத்தக்க வடிவில், சங்கத்தின் கைக்கு வரவேண்டும். விற்றவர் கைவிட்டால் வேறொருவரைக் கொண்டு திருத்த, நிரலின் மூலம் நமக்குக் கிடைக்க வேண்டும். அல்லது மூலத்தையும் சேர்த்துத் தரும் கட்டற்ற மென்பொருளையே முதலில் நாட வேண்டும். இதெல்லாம் தனிச் சங்கம் கேட்டால் நடவாது, விலை எட்டாது என்பார்கள். மெய்தான். ஆதலால்தான் பக்கத்து வட்டங்களிலுள்ள நெசவாளர் சங்கங்கள் சேர்ந்து ஒன்றை எழுதுவித்துப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்கிறோம். எழுதும்போது நம் குமாஸ்தா ஒருவர் கூடவே உட்கார வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளில் கணினி படித்துவிட்டுப் பட்டணத்தில் பிறருக்கு நிரலெழுதுவோர் இன்று பலர் உளர். அவர்களுள் இருவரையேனும் கூலி பேசி அழைக்க முடியாதா? கணக்கறியாத சிறுவர்கள் கைவைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று நிர்வாகஸ்தர் ஒருவர் நம்மிடம் அஞ்சினார். அறுவர் வரைபடத்தைப் பார்த்தே எனியாக்கைக் கற்றுக்கொண்டதை அவரிடம் சொன்னோம். அவர் முழுதும் சமாதானம் அடையவில்லை.

நம் சங்கத்தின் மென்பொருள் ஒப்பந்தம் வரும் பங்குனியோடு முடிகிறது. புதுப்பிக்கும் முன் அதைத் தமிழில் பெயர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று காரியதரிசியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பின்வரிசைப் பெரியவரிடமும் சொல்லியிருக்கிறோம். கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்து படிப்பதாகக் கூறினார்.